கடைசிச் சாவடி

சில்வெஸ்த்ரு செத்துவிட்டான் என்று
பால் வண்டிக்காரன் சொன்னபோது
எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.
இருபத்திரண்டு வருடம் எல்லையில் நின்று
வருகிறவர் போகிறவர் மூட்டையெல்லாம் அவிழ்த்தவன்
இன்று தானே ஒரு மூட்டையாகக் கிடக்கிறான்.

பிப்ரவரி. சிரெட் ஆறு உறைந்து
பனிமேல் நரி நடந்த தடம்,
இந்தக் கரையிலிருந்து அந்த நாட்டுக்கு,
யாரிடமும் கேட்காமல்.

அவன் மனைவி அஸ்பாசியா
கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவி
நடுவே மிட்டாயால் சிலுவை பதித்திருந்தாள்.
மேசையில் இருபத்து நான்கு துணித்துண்டுகள்.
ஒவ்வொன்றின் முனையிலும் முடிந்த ஒரு நாணயம்.

ஆகாயத்தில் இருபத்து நான்கு சாவடிகள்.
எங்கள் ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும்.
பொய்க்கு ஒன்று, புறங்கூறலுக்கு ஒன்று,
பெருந்தீனிக்கு, சோம்பலுக்கு, களவுக்கு;
கைநீட்டி வாங்கியதற்கென்றே தனியாக ஒன்று.
"அங்கே ரொம்ப நேரம் நிற்பான்" என்று
பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.
யாரும் அதட்டவில்லை.

நானும் கொடுத்தவள்தான்.
ஒரு பெட்டி சிகரெட்டுக்கு ஒரு டப்பா காபித்தூள்,
இரண்டு பெட்டிக்கு நைலான் காலுறை,
அவசரமென்றால் டாலர்.
ஆயக்காரன் என்றால் வேதத்திலேயே கெட்ட பெயர்.
கோயிலில் தூரத்தில் நின்று
மார்பில் அடித்துக்கொண்டவனும் ஆயக்காரன்தான்.
ஆனால் சில்வெஸ்த்ரு அடித்துக்கொண்டதை
நான் பார்த்ததில்லை.

முச்சந்தியில் சவப்பெட்டியை இறக்கினார்கள்.
பாலம் போலத் துணி விரித்தாள் அஸ்பாசியா.
பாதிரியார் சோஃப்ரோனியே குனிந்து மெல்லச் சொன்னார்:
"காசு அங்கே செல்லாது, அம்மா.
எல்லாருக்குமாக ஒருவர்
எப்போதோ கொடுத்து முடித்துவிட்டார்."
"இருக்கட்டும் சாமி," என்றாள்,
"சில்லறை இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை."

இனி நான் யாரிடமும் சொல்லாத ஒன்று.

தொண்ணூற்றிரண்டு, நவம்பர்.
செர்னிவ்ட்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன்.
தோளில் நீல ஜிப் வைத்த பை.
உள்ளே துண்டில் சுற்றி, மூன்று நாள் வயது,
பெயர் இல்லை, ஞானஸ்நானம் இல்லை,
காகிதம் எதுவும் இல்லை.
என் மண்ணில் புதைக்க வேண்டும்,
அவ்வளவுதான் யோசித்திருந்தேன்.

பையின் மேல் கை வைத்தான்.
அழுத்தினான். விரல்கள் நின்றன.
ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தான்.
விளக்கைச் சுற்றிப் பனி விழுந்துகொண்டிருந்தது.
பிறகு கையை எடுத்துக்கொண்டான்,
சூடானதைத் தொட்டவன் போல.
"சிகரெட்தானே? குளிருது, போ."
அன்றைக்கு மட்டும் ஒன்றும் வாங்கவில்லை.

தெரிந்ததா அவனுக்கு? தெரியாது எனக்கு.
அதற்குப் பிறகும் காபித்தூள் வாங்கினான்,
எடை குறைவென்று திட்டினான்.
ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு
அங்கே கதவே இல்லை என்று சிலர் சொன்னார்கள்.
அதை எவன் போய்ப் பார்த்தான் என்று கேட்டு
அவர்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

கடைசிச் சாவடி எதற்குத் தெரியுமா?
நெஞ்சு கல்லாய்ப் போனதற்கு.
முந்தைய இருபத்து மூன்றையும்
கெஞ்சியோ ஏமாற்றியோ தாண்டி வந்தவர்கள்கூட
அங்கேதான் விழுவார்களாம்.

ஆண்டவரே, எனக்கு ஜெபம் பழக்கமில்லை,
பேரம்தான் பழக்கம்.
அவன் உமக்கு முன்னால் வந்து நிற்கும்போது
பையை நீர் திறக்க வேண்டாம்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
நம் இருவருக்கும் தெரியும்.
மேலே ஒரு தடவை கை வைத்துப் பாரும்.
பிறகு கையை எடுத்துக்கொள்ளும்.

அஸ்பாசியா என் உள்ளங்கையில்
ஒரு கரண்டி கோதுமை வைத்தாள்.
சரியாக வேகவில்லை. பல்லில் கடிபட்டது.
சர்க்கரை மட்டும் நிறையப் போட்டிருந்தாள்.
நின்றபடியே எல்லாவற்றையும் தின்றேன்.